நிழல் அறிக்கை

நகர மன்றக் கூட்டங்களில் நான் குறிப்பெடுப்பவள்.
எனக்குக் கருத்து கிடையாது,
வேலை ஆணையிலேயே அப்படித்தான் இருக்கிறது.
யார் பேசினார், எத்தனை நிமிடம்,
யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார்.
என் கை அவ்வளவுதான் போகும்.

சியாட்டிலுக்குத் தெற்கே
ரயில் வந்து நின்று திரும்பும் கடைசி நிலையம்.
அதன் வாசலில்
அறுநூற்றுப் பன்னிரண்டு கார்கள் தூங்க
வெள்ளைக் கோடு போட்ட தார்த்தரை.
அங்கே ஆறு மாடி எழுப்பலாமா,
முந்நூற்று நாற்பது வீடு,
பாதி, கைக்கும் வாய்க்குமாகச் சம்பளம் வாங்குபவர்களுக்கு.
அன்றைய பொருள் அதுதான், வரிசையில் ஏழாவது.

ஏழரைக்கே கூடம் நிரம்பிவிட்டது.
டாரன்ஸ் ஃபைஃபரிடம் மூன்றாம் எண் சீட்டு.
நான்கு மணிக்கே வந்து நின்றவர்,
நடந்தே வந்தவர், வீடு எதிர்த்தெரு.
வண்ணத்தில் அச்சிட்ட படம் ஒன்றை விரித்தார்:
டிசம்பர் இருபத்தொன்று, பிற்பகல் மூன்று மணி.
கட்டடத்தின் நிழல் சாலையைக் கடந்து
வேலியேறி
அவருடைய டாலியாப் பாத்தியில் படுத்திருந்தது,
அழைக்காத விருந்தாளி மாதிரி.
குரல் நடுங்கியது. நடிப்பில்லை.
முப்பத்தொரு வருடப் பாத்தி.

எனக்குத் தெரியும், என்னிடமும் டாலியா உண்டு.
டிசம்பரில் அதன் கிழங்கு மண்ணிலேயே இருக்காது.
உறைபனிக்கு முன்னால் தோண்டியெடுத்து
மரத்தூள் பெட்டியில், ஷெட்டுக்குள்,
இருட்டில் வைப்போம்.
எழுதவில்லை.
"நிழல் குறித்துக் கவலை தெரிவித்தார்."

அவருக்குப் பின் பதினெட்டுப் பேர்
நிழலைப் பற்றியே பேசினார்கள்.
நிழலருமை வெயிலில் தெரியும் என்பார்கள்.
எங்கள் ஊரில் வெயிலே விருந்தாளி,
அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

நடுவில் ஒருத்தி என் மேசைக்கு வந்தாள்.
விமான நிலைய அடுக்களையின் நீலச் சட்டை,
கையில் நாற்பத்தேழாம் சீட்டு.
"என் முறை எப்போது வரும்?"
பெருக்கிப் பார்த்தேன்.
அவளும் மனசுக்குள் பெருக்கினாள்.
"பத்து நாற்பதுக்குக் கடைசி பஸ்."
பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னேன்.
செஹாய் வோல்டெகப்ரியேல்.
"செஹாய் என்றால் எங்கள் மொழியில் சூரியன்"
என்று சிரித்தாள்,
மேடையில் அப்போது இருபத்திரண்டாம் ஆள்
நிழலில் இருந்தார்.

ஐந்தரைக்கு வேலை.
மூன்று நாற்பதுக்கு வீட்டைப் பூட்டுகிறாள்.
இரண்டு பஸ், பிறகு இந்த ரயில்.
இந்த நிலையத்தில் குடியிருந்தால் பதினோரு நிமிடம்.
இங்கே வாடகை விசாரித்திருக்கிறாள்;
தொகையைக் கேட்டதும்
போன் தானாகவே வைத்துக்கொண்டதாம்.

பத்து முப்பத்தொன்றுக்கு ஒரு நாற்காலி கிரீச்சிட்டது.

பதினொன்று இருபதுக்கு அழைத்தேன்,
நாற்பத்தேழு, செஹாய் வோல்டெகப்ரியேல்.
இரண்டாம் முறை.
விதிப்படி மூன்றாம் முறை.
மைக் கொஞ்சம் இரைந்தது.

இப்படிப்பட்ட இடத்துக்கு ஒரு சொல் வைத்திருக்கிறோம்:
வரவில்லை.
பதினாறு வருடமாக நான் எழுதிவரும் சொல்.
எழுதினேன். அடித்தேன். மேலே எழுதினேன்:
"வந்தார். மூன்று மணி நேரம் இருந்தார்.
பஸ் பிடிக்கப் போனார்."

மன்றம் முடிவெடுத்தது, ஐந்துக்கு இரண்டு:
மார்ச்சுக்கும் ஜூனுக்கும் தனித்தனி நிழல் ஆய்வு,
மறுகூட்டம் ஆறு வாரம் கழித்து.
தலைவர் என் குறிப்பில் கையெழுத்திட்டார்,
படித்தாரா, தெரியாது.

நான் காரை விடுவதும் அந்தத் தார்த்தரையில்தான்.
அத்தனை கட்டத்தில் அந்நேரம் என்னுடையது ஒன்று.
விளக்குகள் மட்டும் எல்லாவற்றுக்கும் எரிந்தன.
பக்கத்துக் கட்டத்தை எட்டு வைத்து அளந்தேன்,
நீளம் ஏழு எட்டு, அகலம் மூன்றரை:
ஒரு கட்டில், ஒரு அடுப்பு,
செருப்புக் கழற்ற இடம்.
கோட்டை மிதித்துவிட்டேனோ என்று
ஏனோ காலைத் தூக்கிக்கொண்டேன்.

பிறகு சாவியைத் திருகினேன்.
எனக்கும் வீடு ஐம்பது மைல்.